துறைக் கல்லடியில் எடுத்த படம்

1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, இரண்டு வாளி நீரைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன். ஞாயிறு காலைகளில் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது என் வேலை. கொடுத்தேன். சவரம் செய்தேன். மாமி வைத்துவிட்டுப் போன தேநீரைக் குடித்தேன். காய்ந்த வேட்டிகளை மடித்தேன். தை மாதம்வரை அது என் மனைவியின் வேலை. இப்போது நான் மடிக்கிறேன். ஓரங்கள் நேராகத்தான் வருகின்றன.

பிறகு படமெடுக்கும் பெட்டியையும் முக்காலியையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருப் பக்கத்தால் வெளியே போனேன். வாவிக்குப் போவதானால் வளவின் பின்புற வேலிக் கடப்பைத் திறந்து இருபது அடி நடந்தால் எங்கள் சொந்தத் துறை. ஆனால் அந்தக் கடப்பு கயிற்றால் கட்டிக் கிடந்தது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அன்று மாமி தன் கையாலேயே அதைக் கட்டினார். அந்த வழியால் தினமும் காலையில் மீன் கொண்டு வருகிறவன் அவருடைய மகன், என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். கடப்பைக் கட்டியது அவன் வரக்கூடாது என்பதற்காக. தெருப் பக்கத்தால் வந்தாலும் அவனுக்கு அந்த வீட்டில் சோறு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லியும் இருந்தார்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை நான் கந்தோருக்குப் போய்விட்டேன். நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞர் வேலை. என் மனைவி துறையில் துணி தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் நீரில் நின்று பொங்கல் பானை கழுவியிருக்கிறாள். காலில் முள் குத்தியதுபோல் இருந்தது என்றாளாம். அப்போதுதான் தோணியைக் கட்டிக்கொண்டிருந்த தம்பி, கரையோரக் கண்ணா மரத்து வேருக்குள் ஒரு பாம்பு போனதைக் கண்டிருக்கிறான். தண்ணிப்பாம்பு என்றான். அந்தக் கரையில் தண்ணிப்பாம்பு கிடப்பது புதிதல்ல; கடித்தாலும் ஒன்றும் செய்யாது. காலில் வீக்கமில்லை, நோவில்லை. அவள் சிரித்துக்கொண்டு போய் உலை வைத்தாள். ஆனாலும் மாமி விடவில்லை. காலில் கயிறு கட்டி, மகனை வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்கு விஷகடி வைத்தியரிடம் அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் வைத்தியரிடம் தூது போகிறவன் எப்படி வந்து நிற்கிறான் என்பதிலிருந்தே வைத்தியர் பாதியைக் கண்டுகொள்வார். மூச்சிரைக்க ஓடி வந்தால், தலையைச் சொறிந்தால், கண் கலங்கினால், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால், எல்லாம் கெட்ட குறி. சில குறிகளைக் கண்டால் போயும் பயனில்லை என்று வைத்தியர் எழும்பவே மாட்டார். இது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே மச்சான் வாவியைத் தோணி வலித்துக் குறுக்கே கடந்து, வைத்தியரின் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, வியர்வையைத் துடைத்து, சாரத்தை ஒழுங்காகக் கட்டி, மூச்சு அடங்கும்வரை காத்து, முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு உள்ளே போனான். அக்காவுக்கு நல்ல குறியாகப் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். வைத்தியர் அவனைப் பார்த்தார். குறியில் விஷமில்லை. தண்ணிப்பாம்பு என்று அவனும் சொன்னான். ஒரு வேர்த்தூள் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பின்னேரம் அவளுக்குத் தொடையும் கழுத்தும் நோவெடுத்தது. வாய் திறக்க முடியவில்லை. நான் வந்து வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாளுக்கு வைத்தியர் வந்திருந்தார். முற்றத்துப் பந்தலில் இருந்துகொண்டு எல்லோரும் கேட்கச் சொன்னார்: "விரியன் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் ஒழும்பி வந்திருப்பன். விரியனுக்கு என்னட்ட மருந்து இரிக்கி. கடல் பாம்பு எண்டா வந்தும் வேலையில்ல, அதுக்கு ஒருத்தர்ட்டயும் மருந்து இல்ல." மாமி அதில் முதற்பாதியை எடுத்துக்கொண்டார். துறையருகே அடுக்கியிருந்த விறகுக்குள் விரியன் கிடந்திருக்கிறது, மகன் அதைத் தண்ணிப்பாம்பு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்று மகளைக் கொன்றுவிட்டான். அவ்வளவுதான். அன்று பின்னேரம் கடப்பைக் கட்டினார்.

மச்சான் ஒரு வெள்ளிக்கிழமை என் கந்தோர் வாசலுக்கு வந்தான். கையில் மீன் கோர்வை இருந்தது. கொடுக்க வழியில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டே நின்றான்.

"அத்தான், அந்தப் பாம்பு இன்னும் நம்மட துறையிலதான் கிடக்கு. தோணியில போகக்கொள்ள நாலஞ்சு தரம் கண்டுட்டன். அதே சாம்பல் நிறம், அதே வரி. தண்ணிப்பாம்புதான். விரியன் இல்ல, நான் பிழையாச் சொல்லல்ல. நீங்க ஒரு படம் எடுத்துத் தாங்க."

"படம் எடுத்து?"

"அம்மாட்டக் காட்டுங்க. என்ட வாயால வாறது ஒண்டும் அவவுக்கு வேணாம். உங்கட படத்த நம்புவா."

பாம்பை அடித்துக் கொண்டுவந்து காட்டலாம் என்று வேறு ஊரில் சொல்வார்கள். அந்த வீட்டார் பாம்பை அடிப்பதில்லை. பாம்பால் ஒருவர் போன வீட்டில் ஆண்டுத் திவசம் முடியும்வரை அதை நினைக்கவும் மாட்டார்கள். ஆகவே படம் ஒன்றுதான் வழி. கந்தோருக்காக நான் மதகுகளையும் உடைந்த அணைகளையும் படம் எடுத்துப் பழகியவன். சனிக்கிழமை மாலை படம் விழும் கண்ணாடித் தட்டுகள் நான்கை இருட்டில் கூடுகளுக்குள் ஏற்றி வைத்தேன். வேறு யோசனை ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வேலை வந்தது, செய்தேன்.

அடுத்த வளவுத் துறையில் மச்சான் தோணியோடு காத்திருந்தான். முகத்துவாரம் இன்னும் மூடவில்லை. கடல் நீர் உள்ளே வந்துகொண்டிருந்த காலம். நீர் தெளிவாக இருந்தது. அவன் சவள் துடுப்பால் சத்தமில்லாமல் வலித்து எங்கள் துறைக்குக் கொண்டுவந்தான். இரண்டு மாதமாக ஒருவரும் துணி தோய்க்காததால் கல்லில் பாசி பிடித்திருந்தது. கட்டிய கடப்பு மேலே தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முக்காலியின் ஒரு காலைக் கல்லிலும் மற்ற இரண்டைச் சேற்றிலும் ஊன்றினேன். புதையாமலிருக்க அடியில் பலகைத் துண்டுகள் வைத்தேன். நீருக்குள் இருப்பதைப் படம் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. மேலே வானம் விழுந்து வெள்ளையாகத் தெரியும். அதற்காகக் கறுப்புக் குடை கொண்டுபோயிருந்தேன். இடுப்பளவு நீரில் நின்று அதைச் சரித்துப் பிடிக்கும்படி மச்சானிடம் சொன்னேன்.

அரை மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. வலை இழுத்துவிட்டுத் திரும்பிய ஒரு கிழவர் தோணியை நிறுத்திப் பார்த்தார்.

"என்ன கா, ஆத்துக்குள்ள குடையும் புடிச்சிட்டு நிக்கிறாய்? குடைக்குக் கீழ வாற மாப்பிள எங்க?"

"மாப்பிள வேருக்குள்ள கிடக்கார்," என்றான் மச்சான். "வெக்கம். வெளிய வாறாரில்ல."

"ஆர்ட கலியாணமோ?"

"உங்களுக்கும் சொல்லுவம். போங்கப்பா, மீன் கலையுது."

கிழவர் பிறகுதான் என்னையும் கரையையும் கவனித்தார். எந்தத் துறை என்று விளங்கியிருக்க வேண்டும். தோணியைத் திருப்பி வலித்துக்கொண்டு போய்விட்டார்.

வெயில் கண்ணா வேர்களுக்குள் இறங்கிய பிறகு அது வந்தது. முதலில் நீர்ப்பரப்பில் மூக்கு மட்டும். மூச்செடுத்துவிட்டு உள்ளே போனது. திரும்பி வந்தபோது வாயில் ஒரு கெளிற்று மீன் இருந்தது. கல்லிலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில், வேர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு மீனைத் தலைப்பக்கமாக விழுங்கத் தொடங்கியது. சாம்பல் நிறம். முதுகில் மங்கலான கரிய பட்டைகள். வயிற்றுப் பக்கம் வெளிறிக் கிடந்தது. உடம்பு கைப்பெருவிரல் இரண்டு சேர்ந்த பருமன்.

"நான் சொல்லல்லயா?" மச்சான் மெதுவாகச் சொன்னான். குரலில் சந்தோஷம் இருந்தது. "வாய் நிறையத் தீனியோட இரிக்கார். சுறுக்கா எடுங்க அத்தான். கலியாணப் படத்துக்கும் நீங்க இவ்வளவு நேரம் நிப்பாட்டல்லயே."

நான் கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். பெட்டியின் பின்கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். வேர் மேலிருந்து தொங்குவதுபோலவும், பாம்பு அதில் கீழ்மேலாகச் சுற்றியிருப்பதுபோலவும் தெரிந்தது. தலையைக் கூர்மையாக்கினேன். மீனின் முள் பாம்பின் தாடைத் தோலைக் கூடாரக் கம்புபோல் தள்ளிக்கொண்டிருந்தது. தாடை ஒரு பக்கம் முன்னே போனது, மறுபக்கம் பின்னே வந்தது. அவசரமில்லாத வேலை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிக்கச் சொல்லுங்க அத்தான்," என்று மச்சான் தொடங்கினான். அந்த வசனத்தோடு அவன் பேச்சு நின்றுவிட்டது.

துணிக்குள் இருந்ததால் அவன் முகத்தை நான் காணவில்லை. குடை நிழல் மட்டும் கண்ணாடியில் ஆடியது.

"ஆட்டாத மச்சான்," என்றேன்.

நிழல் நின்றது. அப்போது பாம்பு மீனை முழுவதும் உள்ளே தள்ளுவதற்காக உடம்பை நிமிர்த்தியது. வேரின் மறுபக்கம் கிடந்த வால் கழன்று என் கண்ணாடிக்குள்ளும் வந்தது. தண்ணிப்பாம்பின் வால் உருண்டு, சிறுத்து, ஊசிபோல் முடியும். இது சவளின் அலகுபோல் தட்டையாக இருந்தது. அதனால் நீரை ஒரு தரம் மெல்லத் தள்ளிவிட்டு அப்படியே நின்றது.

தட்டுக்கூட்டைச் செருகினேன். மூடியை இழுத்தேன். தலையும் வாலும் ஒரே படத்தில் விழும் என்று நிச்சயமானபோது அழுத்தினேன். இரண்டாவது தட்டும் எடுத்தேன். மூன்றாவதுக்கு ஆயத்தப்படுத்துமுன் அது ஆழத்துக்குள் போய்விட்டது.

என் மனைவியின் காலைத் தொட்டது இதுவாக இருக்கலாம். அல்லது இதைப் போன்ற இன்னொன்றாக இருக்கலாம். அதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதாவது எழும் என்று நினைத்திருந்தேன். கோபமோ நடுக்கமோ. ஒன்றும் வரவில்லை. தட்டுக்கூடுகளில் பென்சிலால் இலக்கமிட்டேன். முக்காலியின் சேற்றைக் கழுவினேன். பலகைத் துண்டுகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன.

மச்சான் குடையை மடக்காமல் நீரில் நின்றான்.

"அது கடல் பாம்பு அத்தான்."

"ஓம்."

"அதே பாம்புதான். அண்டைக்கும் இதுதான். எனக்குத் தெரியும்."

"அப்படியெண்டா உன்னில பிழையில்ல மச்சான். வைத்தியர் என்ன சொன்னவர்? வந்தும் வேலையில்ல எண்டவர். நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாலும், அழுதுகொண்டு நிண்டாலும் ஒண்டுதான்."

இதைச் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் கணக்கிட்டிருந்தேன். அவன் குடையை மடக்கித் தோணிக்குள் எறிந்தான்.

"ஆத்துக்குள்ள கிடக்கிறவன் நான். கடல் பாம்பு வலையில மாட்டினா ஒரு நாளைக்கு எத்தினையக் கழட்டி எறியிறன். கைக்கெட்டிற தூரத்தில நிண்டுட்டு ஒரு வாலப் பாக்கல்ல." சவளை எடுத்தான். "படம் விழாமப் போனா நல்லம்."

"விழுந்திரிக்கும்."

"உங்களுக்கு ஒருநாளும் பிழைக்காதுதானே," என்றான். அடுத்த துறைவரை வலித்தான். இறங்கும்போது, "அம்மாட்டக் காட்டுவீங்களா?" என்று கேட்டான்.

"நீதானே கேட்டாய்."

"நான் கேட்டது வேற பாம்பு."

காட்ட வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்வானோ என்று நான் கொஞ்ச நேரம் கரையில் நின்றேன். பெட்டியைத் தூக்கி என் தோளில் வைத்துவிட்டுப் போனான்.

நெல் வைக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. அதற்குள் சிவப்புக் கண்ணாடி விளக்கை வைத்துத் தட்டுகளை மருந்தில் கழுவினேன். இரண்டும் விழுந்திருந்தன. இரண்டாவது அசைந்துவிட்டது, முதலாவது நன்றாக இருந்தது. மத்தியானம் மாமி சோறு போட்டார். கீரையும் கருவாட்டுக் குழம்பும். எங்கே போனேன் என்று கேட்கவில்லை. கை நகத்தில் மருந்துக் கறை இருந்ததைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையும் கந்தோர் வேலையா மருமகன்?"

"இல்ல மாமி. சொந்த வேலை."

"சொந்த வேலை," என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஒரு கரண்டிச் சோறு கூடுதலாகப் போட்டார்.

அந்த வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பிள்ளைகள் இல்லை. இனி அங்கே நான் என்ன முறையில் இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமியும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது.

தட்டு காய்ந்ததும் படத்தாளோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்தேன். கறுத்து வர, எடுத்துக் கழுவி, கண்ணாடியில் ஒட்டிக் காயவிட்டேன். பொழுது சாயுமுன் அதைக் கொண்டுபோய் குசினி வாசலில் மாமிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"நம்மட துறையில இண்டைக்கு எடுத்த படம். தோய்க்கிற கல்லடியில."

சுளகைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். முதலில் அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. வேரையும் நீரின் கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலைத் தலையில் வைத்து, தாளைத் தொடாமல், உடம்பு வழியாக மெல்ல நகர்த்தினார். விரல் கடைசியில் நின்றது.

"இது என்ன, சவள் மாதிரி?"

"வால்."

"விரியனுக்கு இப்படி இராதே."

"இராது மாமி."

"தண்ணிப்பாம்புக்கும் இராது."

"இராது. அவனும் அதக் கண்டவன். குடை புடிச்சவன் அவன்தான்."

மாமி இன்னொரு தரம் பார்த்தார். தெருவில் மாட்டு வண்டி ஒன்று போனது. அதன் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

"அப்ப அவன் சொன்னதும் பிழை."

"ஓம்."

"நான் சொன்னதும் பிழை."

படத்தை மடியில் வைத்தார்.

"வைத்தியர் ஒழும்பி வந்திருந்தா மட்டும்?"

"ஒண்டும் நடந்திராது மாமி. அவரே சொன்னவர்தானே."

"சொன்னவர்," என்றார். "ரெண்டும் சொன்னவர். எனக்கு ஒண்டுதான் காதில விழுந்திச்சு." படத்தைக் கவிழ்த்து என் கையில் தந்தார். "இத வீட்டுக்குள்ள வைக்காதீங்க. கந்தோருக்குக் கொண்டு போங்க." பிறகு சுளகை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அரிசி பார்க்கத் தொடங்கினார். இருட்டியதும் விளக்கேற்றினார். நான் படத்தையும் தட்டையும் கந்தோர்ப் பையில் வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து கிணற்றடிக்குப் போனபோது மாமி எனக்கு முன்னால் எழுந்திருந்தார். பின்புறக் கடப்பில் குனிந்து நின்றார். தான் கட்டிய முடிச்சில் நகத்தைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். மழையிலும் பனியிலும் நனைந்து காய்ந்து அது கல்போல் இறுகியிருந்தது.

"கத்தி கொண்டு வாறன்," என்றேன்.

"வேணாம் மருமகன். நல்ல கயிறு. வெட்டாம அவிழ்த்துத் தாங்க."

வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனேன். முடிச்சு மூன்று சுற்றாகப் போட்டிருந்தது. எந்த நுனி கடைசியாக உள்ளே போயிருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்த நுனியிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினேன்.